ஏன் என்று கேட்காத சரிவு

1

படத்தை அக்காவுக்கு அனுப்பியதுதான் பிழை. தலையில் கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, காலில் நீளமான இரண்டு பலகைகள், பின்னால் வெள்ளையாய் ஒரு மலை. நடுவில், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில், பல்லைக் காட்டிக்கொண்டு நான். கொக்குவிலில் அது அவருடைய கைக்குக் கிடைத்த அன்றே தொலைபேசி அடித்தது.

"உதென்னடா கோலம்? காலில உதென்ன பலகை?"

"ஸ்கீ அக்கா. பனியில சறுக்கிறது."

"அதுக்கு அங்க கம்பியில ஆக்களைத் தூக்கிக்கொண்டு போற சாமான் இருக்கெண்டு ரீவியில காட்டினவங்களே."

"இருக்கு. நாங்கள் அதில போறேல்லை. காலால ஏறுறனாங்கள்."

"ஏறி?"

"பேந்து சறுக்கி இறங்கிறது."

மறுமுனையில் யாரோ தேங்காய் துருவுகிற ஒலி வந்தது.

"விடியக் காலமை வெளிக்கிட்டு, மத்தியானம் மட்டும் ஏறி, பேந்து ஒரு நொடியில இறங்கிறியள். மேல கோயில் ஏதும் இருக்கோ?"

"கோயில் இல்லை. ஒரு சிலுவை நட்டிருப்பினம்."

"டேய், நீ வேதத்துக்கு மாறிட்டியோ?"

இது அக்காவுக்கு மட்டும் எழுதுவதல்ல. ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கும், இங்கே மண்டபங்களில் என் முதுகுக்குப் பின்னால் கேட்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. போன சித்திரையில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

நான் இருப்பது ஜேர்மனியின் தெற்கு மூலையில், ஆல்கோய் என்கிற மலையடிவாரத்தில். வேலை சீஸ் தொழிற்சாலையில். மாட்டுவண்டிச் சில்லின் அளவு சீஸ்களை உப்புத் தண்ணீரிலிருந்து தூக்கி, பலகையில் அடுக்கி, துடைத்து, புரட்டி, அடுத்த நாள் மறுபடியும் துடைத்துப் புரட்டுகிற வேலை. கையின் உப்பு மணம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகாது.

தொழிற்சாலையின் பின்கதவைத் திறந்தால் மலை. என் தஞ்ச விண்ணப்பம் கிடப்பில் கிடந்த காலத்தில் மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க அனுமதி எடுக்க வேண்டும். மலை பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. கண் போகலாம், கால் போகக்கூடாது. சிகரெட் பிடிக்க வெளியே வந்து நிற்கும்போதெல்லாம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வீட்டுப் படலைக்கு வெளியே கடலை வைத்து, குளிக்காதே என்று சொன்னமாதிரி.

வீசா வந்தது. மனைவி வசந்தி வந்தாள். மகள் அபி பிறந்தாள். மலை அங்கேயே நின்றது. வேலையில் எனக்கு மேலாளனாயிருந்த டீட்டர் ஒருநாள் தன் நிலவறையிலிருந்து பழைய ஸ்கீ ஒரு சோடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். முப்பத்தெட்டு வயதில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், விழுந்து விழுந்து பழகினேன். அபி அப்போது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. இப்போது அவளுக்குப் பதினாறு. சினேகிதிகளோடு இந்தப் பகுதியின் பேச்சில் கதைப்பாள், எனக்குப் பாதி பிடிபடாது. ஸ்கீயை விட்டுவிட்டாள்.

"பைன்லிஹ் அப்பா," என்கிறாள். வெட்கக்கேடு என்று அர்த்தம். "எல்லாரும் உங்களைத்தான் பாக்கினம். அந்த மலையில கறுப்பா நீங்கள் ஒராள்தான்."

"நல்லது. தொலைஞ்சால் கெதியாக் கண்டுபிடிப்பினம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வசந்திக்கும் வராது. "குண்டுக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். நீங்கள் என்னெண்டால் சாவைத் தேடி மலைக்குப் போறியள்" என்று சொல்லியபடியே ரொட்டியைக் கட்டிப் பையில் வைப்பாள். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டாள். வெளிக்கிடுகிற ஆளிடம் அப்படிக் கேட்டால் சகுனப்பிழை. அவள் கேளாமலே நான் மலையின் பெயரையும் வழியையும் குளிர்ப்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போவேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மண்டபத்தில் கூடியபோது ஒருவர் பாயசக் கிண்ணத்தோடு வந்து நின்றார். ஊரில் சமாதானம் கிழியத் தொடங்கியிருந்த நேரம்.

"அங்க திரும்பச் சண்டை வரப்போகுது. உமக்குச் சறுக்கு விளையாட்டுக் கேக்குதோ?"

அன்றைக்கு நான் பாயசத்தைத்தான் குடித்தேன். இப்போது சொல்கிறேன். ஓம், கேட்கிறது. பனி எங்கள் ஆட்களுக்குத் தண்டனையாகத்தான் இருக்கவேண்டும் என்று யார் விதித்தது? விடிகாலையில் கார்க் கண்ணாடியில் சுரண்டவும், பக்கத்து வீட்டுக்காரன் முறைக்குமுன் வாசலில் வழித்துத் தள்ளவும், ஊருக்கு எழுதும்போது "இங்கே கடும் குளிர்" என்று முனகவும் மட்டும்தான் எங்களுக்குப் பனியா? வீட்டுக்குள் போர்வைக்குள் குந்தியிருந்தால்தான் துக்கத்துக்கு மரியாதையா? செய்தி கேட்ட இரவில் எனக்கும் நித்திரை வருவதில்லை. அடுத்த நாள் காலையில் எனக்கு ஏறவேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருக்கின்றன. இடம் போதாதென்று எந்த நெஞ்சும் இதுவரை முறையிடவில்லை.

3

சித்திரைக் கடைசிப் பனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது ஒரு நாளுக்குள்ளேயே இரண்டு மூன்று குணம் மாறும். இரவு வானம் வெளித்திருந்தால் உறைந்து, காலையில் சீமெந்து மாதிரி இறுகிக் கிடக்கும். வெயில் ஏற மேலே ஒரு விரல் ஆழத்துக்கு மட்டும் இளகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் சறுக்கினால் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போகலாம். அதையும் தாண்டிவிட்டால் கூழ். கூழ் சில வேளை சரிவோடு சேர்ந்து முழுதாக இறங்கும், அதன்மேல் நிற்கிறவனையும் கூட்டிக்கொண்டு. இரவு முகில் மூடியிருந்தால் உறைவதே இல்லை. வானம் என்ன செய்யும் என்று வானொலி ஒன்று சொல்லும், வானம் வேறொன்று செய்யும்.

நாங்கள் நான்கு பேர். டீட்டரும் அவன் மனைவி ஹைக்கேயும், நானும், பாலாவும். ஹைக்கே எலும்புமுறிவு ஆட்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கிறவள். மலையில் எங்களுக்கு அவள்தான் தலைவி. பாலா டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுகிறான். ஒரே அகதி முகாமில் ஒரே இரட்டைக் கட்டிலில் மேலும் கீழுமாய்ப் படுத்த உறவு. டோர்ட்மண்டுக்குப் பக்கத்துச் சின்ன மலைகளில் பிள்ளைகளோடு ஸ்கீ பழகியவன், என்னைவிட நன்றாகச் சறுக்குவான். ஏறுவது அவனுக்கு அதுதான் முதல் தரம். உச்சிச் சிலுவையைக் கட்டிப்பிடித்து ஒரு படம் எடுத்து பஸ் நிலையத்தில் ஒட்டுவது அவன் திட்டம். அதற்காக நாடு முழுவதையும் குறுக்கே ஓடி வந்திருந்தான்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு சின்னப் பெட்டி கட்டியிருக்கும். பனிக்குள் புதைந்துபோனால் அது மேலே நிற்கிறவர்களின் பெட்டிக்குச் சத்தம் அனுப்பும். ஹைக்கே கொஞ்சம் தள்ளி நிற்பாள். நாங்கள் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, அவளைக் கடந்து நடக்கவேண்டும். பெட்டி கீச்சிட்டால் தலையாட்டுவாள்.

"மச்சான்," என்றான் பாலா மெதுவாக, "உது எங்கட சென்றிப் பொயின்ற் மாதிரியல்லே கிடக்கு."

எனக்கும் முதல் தரம் அப்படித்தான் முதுகு கூசியது. அங்கே, ஆமிக்காரரின் சோதனைச் சாவடியில், ஒவ்வொருவராகக் கடந்தது, ஒருவனைப் பிரித்து எடுப்பதற்கு. இங்கே ஒவ்வொருவராகக் கடப்பது, தொலைந்தால் தேடி எடுப்பதற்கு. நடை ஒன்றுதான்.

பிறகு ஹைக்கே எப்போதும் சொல்கிற விதியைப் பாலாவுக்காக ஒருமுறை சொன்னாள். "யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் எல்லோரும் திரும்புவோம். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. மலையில் நின்று வாதாடினால் வாதாடத் தெரிந்தவன் வெல்லுவான். அது மலைக்குத் தெரியாது."

பாலா பெரிதாகத் தலையாட்டினான்.

4

இரவு முகில் மூடியிருந்தது. அது நால்வருக்கும் தெரியும். ஸ்கீயின் அடியில் ஒரு பக்கம் மயிர் படிந்த நீளத் துணியை ஒட்டுவோம். முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே வழுக்காது. ஜேர்மன்காரர் அதைத் தோல் என்றுதான் சொல்கிறார்கள். சறுக்கி இறங்குமுன் அதை உரித்துவிடவேண்டும். தோலை ஒட்டிக்கொண்டு காட்டுக்குள்ளால் ஏறினோம். பனி உருகிய திட்டுகளில் ஊதாப் பூக்கள் தலையை நீட்டியிருந்தன. காட்டைத் தாண்டவும் வெயில் அடித்தது. சட்டையைக் கழற்றினோம். கழற்றிய சட்டையை மடிப்பதற்குள் மூடுபனியாய்ப் புகார் வந்து கவிந்தது. புகாருக்குள்ளிருந்து சவ்வரிசி போல உருண்டைப் பனி கொட்டியது. பிறகு, எதுவுமே நடக்காத முகத்தோடு மறுபடியும் வெயில்.

கடைசிச் சரிவின் அடியில் நின்றோம். மேலே சிலுவை ஒருமுறை தெரிந்து மறைந்தது. டீட்டர் ஊன்றுகோலால் அங்குமிங்கும் குத்திப் பார்த்தான். கையால் ஒரு துண்டு வெட்டிப் பார்த்தான். பனியைப் பார்க்கத் தெரிந்தவன்.

"இளகித்தான் இருக்கு. ஆனால் பிடிக்கும். இடைவெளி விட்டு ஒவ்வொருவராக ஏறினால் சரி."

ஹைக்கே தோளைக் குலுக்கினாள். பாலா ஏற்கெனவே கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான்.

"நைன்," என்றேன் நான். வேண்டாம் என்று அர்த்தம்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பனியில் ஒரு வெடிப்பும் தெரியவில்லை. டீட்டருக்குத் தெரியாத எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குள் ஏதோ கால் வைக்காதே என்றது. பயம் என்று நீங்கள் சொல்லலாம். அதற்கொரு பெயர் வைக்க நான் மினக்கெடவில்லை.

டீட்டரின் முகம் சுருங்கியது. ஆனாலும் குனிந்து தோலை உரிக்கப் போனான். அப்போதுதான் பாலா சிரித்துக்கொண்டு, நல்ல ஜேர்மன் மொழியில், நல்ல எண்ணத்தோடு, சொன்னான்.

"அவர் சும்மா சொல்லுறார். எங்கட ஆக்கள் முதல் தரம் கேட்டால் வேண்டாம் எண்டுதான் சொல்லுவினம். அது ஒரு மரியாதை. மூண்டு தரம் கேக்கவேணும்."

"அப்படியா?" என்று டீட்டர் நிமிர்ந்தான். முகம் வெளித்துவிட்டது. "அப்ப இன்னொரு தரம் கேக்கிறன். போவமா?"

பாலா பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் போதும் என்று கையை மறித்தால் விரல் இடுக்கால் இன்னோர் அகப்பை சோறு விழும். தேத்தண்ணி வேண்டாம் என்றால் தேத்தண்ணி வரும். முதல் மறுப்பை நம்புகிற வீட்டைக் கஞ்சவீடு என்போம். டீட்டர் வீட்டில் முதன்முதலாகச் சாப்பிடப் போன அன்று, போதும் என்று நான் ஒருமுறை சொன்னதை அவர்கள் நம்பிவிட்டதால் பசியோடு வீடு திரும்பியிருக்கிறேன். பாலாவுக்கும் அப்படி நிறையக் கதைகள் உண்டு. அதனால்தான் எனக்காக இரங்கி, என்னை மொழிபெயர்த்தான்.

"நைன்," என்றேன்.

பாலா தமிழுக்கு மாறினான். "மச்சான், மானத்தை வாங்காத. தமிழன் பயந்தாங்கொள்ளி எண்டு உவை நினைப்பினம்."

"நினைக்கட்டும்."

"சரி, காரணத்தையாவது சொல்லு. நான் அவைக்கு விளங்கப்படுத்திறன்."

"காரணம் இல்லை."

"காரணம் இல்லாமல் எப்பிடியடா ஒருத்தன் ஏலாதெண்டு சொல்லுறது?"

எப்படிச் சொல்வது. தஞ்ச விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஏன் என்றார். ஏன் அந்த மாதம், ஏன் அந்த வழி, ஏன் உன் தம்பி வரவில்லை. ஒவ்வொரு ஏனுக்கும் காரணம் கொடுத்தேன். கொடுத்த காரணங்களை ஒன்றோடு ஒன்று உரசிப் பார்த்து, பொருந்தவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு வீடு வாடகைக்கு எடுக்க, மனைவியைக் கூப்பிட, வேலை மாற, எல்லாவற்றுக்கும் காரணம். மண்டபத்தில் பாயசக் கிண்ணத்துக்கும் காரணம். இந்த நாட்டில் நான் மூச்சு விட்டதைவிடக் காரணம் சொன்னது அதிகம். ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு விதி, எனக்கு அதிலிருந்து விடுதலை தந்திருந்தது. அதை நான் அந்தச் சரிவில், என் சொந்தச் சினேகிதனுக்கு, விட்டுக்கொடுப்பதாயில்லை.

ஸ்கீயைத் திருப்பி, அதன் மூக்கைப் பள்ளத்தாக்கின் பக்கம் வைத்து, பனியில் குந்தினேன்.

"நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் இதில இருக்கிறன். எத்தனை தரம் கேட்டாலும் இதுதான்."

ஹைக்கே என்னைப் பார்க்கவில்லை. பாலாவைத்தான் பார்த்தாள். "அவர் முதல் தரமே சொல்லிவிட்டார்," என்றாள். "பிழை எங்களுடையது. தோலை உரியுங்கள்."

அவள்தான் முதலில் உரித்தாள்.

5

இறக்கம் அலங்கோலம். கூழுக்குள் முழங்கால்வரை புதைந்து, விழுந்து, எழும்பி, குடிசைபோல ஒரு மலைவிடுதிக்கு வந்து சேர்ந்தோம். பருப்புச் சூப் வந்தது. பாலா சட்டைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் போத்தலை எடுத்துத் தன் கிண்ணத்தில் தட்டினான். டீட்டர் தன்னுடையதையும் நீட்டினான். அதற்கும் தட்டினான். எனக்குத் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொரு கூட்டம் வந்தது. மூன்று இளம் பெடியள், முகமெல்லாம் வெயிலில் சிவந்து. எங்களுடைய சரிவில்தான் ஏறி, சிலுவையைத் தொட்டு, இறங்கியிருக்கிறார்கள். பனி அருமை என்றார்கள். கனவுபோல என்றார்கள். ஒருவன் படத்தையும் காட்டினான். சிலுவை, நீல வானம், பல் தெரியச் சிரிக்கும் மூன்று வாய்கள்.

மலை விழவில்லை.

"அவங்கட மலை உனக்காக விழேல்லை மச்சான்," என்றான் பாலா சூப்பைப் பார்த்தபடி. "ஒரு சின்னத் துண்டாவது விழுந்திருக்கலாம். உன்ர மரியாதைக்கு."

"விழாதது நல்லது. பெடியள் நல்ல பெடியள்."

"இப்ப சொல்லு. பிழைதானே?"

"இல்லை."

டீட்டர் கரண்டியை வைத்தான். "நான் குற்றம் சொல்லேல்லை. அறியிற ஆசையிலதான் கேக்கிறன். என்னத்தைப் பார்த்து..."

மேசைக்கடியில் ஹைக்கேயின் சப்பாத்து அவன் காலில் பட்ட சத்தம் எனக்கும் கேட்டது. டீட்டர் கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டான்.

மலை விழுந்திருந்தால் நான் அன்று வீரன். என் தோளில் தட்டியிருப்பார்கள், டீட்டர் தொழிற்சாலை முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பான். அப்படியொரு மரியாதை எனக்கு வேண்டியதில்லை. மலை சாட்சி சொன்னால்தான் என் சொல்லுக்கு விலை என்றால், நான் இன்னும் அந்த விசாரணை மேசைக்கு முன்னால்தான் இருக்கிறேன். விழாத மலையின் அடியில் இருந்துகொண்டு, மிளகாய்த்தூள் இல்லாத சூப்பை ஆறுதலாகக் குடித்து முடித்தேன்.

6

பின்னேரம் காற்று வடக்குக்குத் திரும்பியது. முகில் கிழிந்தது. இரவு அந்த விடுதியிலேயே படுத்தோம். மறுநாள் காலையில் பனி கல்லாக இறுகிக் கிடந்தது. சப்பாத்தால் உதைத்தால் கால்தான் நொந்தது. வாசலில் பெட்டிகள் கீச்சிட, ஒவ்வொருவராக ஹைக்கேயைக் கடந்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் முன்னால் போய் ஏறத் தொடங்கினேன்.

நேற்று நாங்கள் நின்ற இடத்தில் எங்கள் குழிகள் உறைந்து கிடந்தன. நிற்காமல் தாண்டினேன். சரிவு ஏறியது. வளைந்து வளைந்து நானும் ஏறினேன். கீழே பள்ளத்தாக்கு நிழலுக்குள் இருந்தது, எனக்கு மேல் பனியின் விளிம்பில் வெயில் தீப்பிடித்திருந்தது. சிலுவை முழுதாகத் தெரிந்தது. மின்னலுக்காக அதில் கட்டியிருந்த கம்பிகூடத் தெரிந்தது. இன்னும் இரண்டு வளைவு. இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவான வானத்தோடு எந்த உச்சியும் எனக்குக் கிடைத்ததில்லை. நேற்றைய சிரிப்புகளுக்கெல்லாம் சேர்த்து அங்கே போய் நிற்கவேண்டும் என்று உடம்பு முழுவதும் ஆசை.

"மச்சான்."

திரும்பினேன். பாலா எனக்குக் கீழே, இறுகிய பனியில், இரண்டு ஊன்றுகோலையும் கட்டிப்பிடித்தபடி நின்றான். முகம் சாம்பல்.

"ஏலாது," என்றான். பிறகு மற்றவர்களுக்காக, "நைன்."

அவனுக்குக் கீழே நின்ற டீட்டரின் வாய் திறந்தது, மூடியது. ஹைக்கே என்னைப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் முறை தெரியும் இப்போது, பாலாவே படிப்பித்தது. முதல் மறுப்பு மரியாதை. மூன்று தரம் கேட்கவேண்டும்.

என் வாயில் சொல் தயாராக இருந்தது. சும்மா வாடா, இந்தா கிட்டத்தான், கையைப் பிடிக்கிறன். எத்தனை கலியாணப் பந்தியில், எத்தனை பேருக்குச் சொன்ன சொல். சொன்னால் வந்துவிடுவான். மானத்துக்காக வருவான். அவனுடைய கண்ணில் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடம் இறங்கினேன். அவனுக்குக் கீழ்ப்பக்கம் ஸ்கீயின் விளிம்பால் கொத்தி ஒரு சின்ன மேடை செய்தேன். அவன் அதில் வந்து நின்று மூச்சு வாங்கினான். நான் குனிந்து என் ஸ்கீயிலிருந்து தோலை உரித்தேன். அது பர்ர்ரென்று கிழிந்து வந்தது. டீட்டரும் ஹைக்கேயும் தங்கள் தங்களுடையதை உரிக்கத் தொடங்கினார்கள்.

பாலா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு சிலுவையைப் பார்த்தான்.

"உண்மையா இறங்கப்போறியளோ?"

"ஓம்."

"இவ்வளவு கிட்ட வந்திட்டு?"

"ஓம்."

"ஏனெண்டு கேக்கேல்லையே?"

"இல்லை."

"ஒருக்காக் கேளன்டா."

"கேக்கமாட்டன்."

"நான் சொல்லுறன் எண்டால்?"

"உன்ர விருப்பம். எனக்குத் தேவையில்லை."

பாலா தன் தோலை உரித்துச் சட்டைக்குள் திணித்தான். மூக்கைப் புறங்கையால் துடைத்தான்.

அதற்குள் வெயில் எங்களிடம் இறங்கிவிட்டது. பனி மேலே ஒரு விரல் ஆழத்துக்கு இளகியிருந்தது, ஒரு விரலுக்குமேல் இல்லை. ஏறப் பயந்தவன் இறங்கப் பயப்படவில்லை, அவனுக்குத் தெரிந்த வேலை அதுதானே. ஸ்கீயைத் திருப்பினான், என்னைப் பார்த்துத் தூசணத்தில் ஒன்று சொன்னான், விழுந்தான். விழவில்லை, வளைந்தான். முதல் வளைவில் தண்ணீர்த் திவலைபோலப் பனி எழும்பி வெயிலில் சிதறியது. இரண்டாவது வளைவில் கத்தத் தொடங்கினான். என்ன சொல்லிக் கத்தினான் என்று எனக்குத் தெரியாது, நானும் கத்திக்கொண்டுதான் பின்னால் போனேன். எங்களுக்கு மேலே உச்சி காலியாகக் கிடந்தது. யாருக்கும் எதையும் நிரூபிக்காமல், காலை வெயிலில், இரண்டு யாழ்ப்பாணத்தார் அந்த மலையை விட்டு இறங்கினோம்.